முழு முடி

மும்முனை மின்சாரம் காலையிலேயே வந்துவிடும் என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகும் பூபாலனின் மோட்டார் கொட்டகையில் சிவப்பு விளக்கு எரியவில்லை. தண்ணீர் முறைக்கு வந்தவர்கள் மண்வெட்டிகளைப் பக்கத்தில் கிடத்திவிட்டுப் புங்கமரத்தடியில் காத்திருந்தார்கள். நிழல் ஒன்றுதான். ஆனாலும் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டே உட்கார்ந்திருந்தார்கள். பிரசிடெண்ட் எலெக்‌ஷன் முடிவு வந்ததிலிருந்து இந்த ஊரில் யாரும் யாரையும் ஒட்டி உட்காருவதில்லை.

சுதா வரப்பின் மேலேயே நின்றிருந்தாள். அவளுடைய அரை ஏக்கர் சொர்ணவாரிப் பட்டத்து நெல் தூர் கட்டுகிற பருவத்தில் இருந்தது. இனிக் கதிர் முற்றும் வரைக்கும் ஒரு முறைத் தண்ணீர் தவறினாலும் பதராகிவிடும். சொந்தக் கிணறு வற்றிப் போய், ஆடு விழாமல் இருக்க முள்ளை வெட்டிப் போட்டு மூடியாகிவிட்டது. தண்ணீர் பூபாலனின் ஆழ்குழாயிலிருந்துதான் வர வேண்டும். விளைந்ததில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. அவருடைய கால்வாயை நம்பிப் பிழைக்கிற எல்லாக் குடும்பங்களுக்கும் அதுதான் கணக்கு.

"ரோடு போட்டவருக்கு ஓட்டு இல்ல, காயில் கட்றவனுக்கு ஓட்டு. இன்னா ஊருபா இது" என்றான் பெருமாள். பூபாலனின் மோட்டாரைப் பார்த்துக்கொள்பவன் அவன். மடை திறப்பதும் மூடுவதும் அவன் கையில்.

"ரோடு போட்டாரு, இல்லன்னு யார் சொன்னா? அவரு வூட்டு வாசலோட நிறுத்திட்டாரே" என்று மரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. பெருமாள் வெடுக்கென்று திரும்பினான். எல்லோரும் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு முறை பிரசிடெண்டாக இருந்தவர் பூபாலன். எதிர்த்து நின்ற சக்திவேல், கே.ஜி.கண்டிகையில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். டெபாசிட்டாவது தேறுமா என்று ஊரே கேலி பேசியது. பதினோரு ஓட்டில் அவன் ஜெயித்துவிட்டான். அன்றிலிருந்து ஊர் பாதிப் பாதி. திமிருக்கு விழுந்த அறை என்று ஒரு பாதி சொன்னது. தின்ற சோற்றுக்குத் துரோகம் என்று மறுபாதி சொன்னது. டீக்கடைகூட இரண்டாகிவிட்டது. காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கிறவர்கள் எந்த வீட்டு வாசலில் நிற்பது, எதைத் தாண்டிப் போவது என்று தெரியாமல் விழித்தார்கள்.

பூபாலனுக்குத் தோற்றதைவிட வேறொன்று நெஞ்சை அறுத்தது. ஓட்டுப் பதிவுக்கு முன்னால், தன் தண்ணீரை வாங்குகிற அத்தனை பேரையும் மினி லாரியில் ஏற்றித் திருத்தணி மலைக்குக் கூட்டிப் போயிருந்தார். தட்டில் கற்பூரம் கொளுத்தி, ஒவ்வொருவரையும் அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். 'என் ஓட்டு பூட்டு சாவிக்குத்தான். மாறினா முருகன் கேக்கட்டும்.' எல்லோரும் அணைத்தார்கள். எல்லோரும் சொன்னார்கள். பெட்டியைத் திறந்தபோது அவருடைய பூட்டு சாவிச் சின்னம் தோற்றிருந்தது.

புல்லட் சத்தம் கேட்டதும் மரத்தடி எழுந்து நின்றது. பூபாலன் வண்டியை விட்டு இறங்கவில்லை. வெள்ளைச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"யார் மாறினதுன்னு நான் கேக்கப் போறதில்ல. கேட்டா எல்லாரும் 'உங்களுக்குத்தான் போட்டோம் மாமா'ம்பீங்க. கற்பூரத்த அணைச்ச கை அது, சும்மா வுடாது. ஊட்ல ஒண்ணு படுத்துக்கும், மாடு சாவும், சோறு எறங்காது. அப்ப பயந்துகினு மலையேறுவான். மொட்ட போடாம அந்தப் பாவம் போவாது. எந்தத் தல மொட்டையா ஊருக்குள்ள வருதோ, அந்த மடை மூடிக்கும். ஆம்பளயோ பொம்பளயோ, எனக்கு ஒண்ணுதான். பெருமாளு, கேட்டுக்கினியா?"

"ஆங், மாமா."

அதற்குப் பிறகு ஊரில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பு வரும். ஆண்கள் முடி வெட்டிக்கொள்ளவே பயந்தார்கள். ஒட்ட வெட்டினாலும் சந்தேகம் வருமே! கழுத்துப் பிடரி வரைக்கும் வளர்த்துக்கொண்டு, வேர்க்க வேர்க்க வரப்பு வெட்டினார்கள். இளவயதிலேயே வழுக்கை விழுந்த ஒருவர், பழைய போட்டோவை எடுத்துக்கொண்டு போய்ப் பூபாலனிடம் காட்டிவிட்டு வந்தார். சிரிக்க முடியாதவள் சுதா ஒருத்திதான்.

எலெக்‌ஷனுக்கு முன்னால் அவள் மகள் யுவஸ்ரீக்கு டெங்கு கண்டது. மூன்றாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போய், பெரிய ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தது. வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்த சுதா, மலை எந்தத் திக்கு என்று ஒரு நர்சிடம் கேட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பிக் கும்பிட்டாள். 'என் புள்ள கண்ணத் தொறந்துட்டா, வர ஆடிக் கிருத்திகைக்கு என் முழு முடியும் உனக்கு.' குழந்தை கண்ணைத் திறந்தது. தலைமுடி இடுப்புக்குக் கீழே தொங்குகிறவள் சுதா. ஊர்க் கண் எல்லாம் அதன் மேல்தான். அதைத்தான் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள்.

ஓட்டுப் போடும்போதும் யுவஸ்ரீ வீட்டில் படுக்கையில்தான் இருந்தாள். ஒரு வேண்டுதல் நிலுவையில் இருக்கும்போது சத்தியத்தை மீற எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்? சுதா பூட்டு சாவியின் மேல் குத்திய குத்தில் மை பரவிவிட்டது. செல்லாத ஓட்டாகிவிடுமோ என்று வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"முருகன் எங்கயும் ஓடிப் போவ மாட்டாரு" என்றான் ஆனந்தன். அவள் புருஷன். காய்கறி மண்டிக்கு லோடு வண்டி ஓட்டுகிறவன். "தைக் கிருத்திகைக்குக் குடுத்துக்கலாம். அதுக்குள்ள அறுத்து மூட்ட கட்டிடுவோம். அந்தாளு மூஞ்சில முழிக்க வேணாம்."

"ஆடின்னு வாயத் தொறந்து சொல்லிட்டேன்."

"சொன்னா இன்னா? தள்ளிப் போட்டா கோச்சிக்குவாரா?"

"ஆடி வரைக்கும் குழந்த இருந்தா போதும்னு இவ நெனச்சிகினா போலன்னு அவரு நெனச்சிட்டா?" என்றாள் சுதா. ஆனந்தன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். வாசலில் நின்று யாரையோ திட்டினான். பூபாலனையா, முருகனையா, அவளையா என்று விளங்கவில்லை.

ஒளித்துச் செய்வதற்கு இதில் என்ன இருக்கிறது, நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று சுதா நினைத்தாள். மறுநாள் காலையில் பூபாலன் வீட்டுக்குப் போனாள். அவர் களத்தில் நாற்காலி போட்டு மாட்டுக்குத் தவிடு கலக்குவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு வார்த்தைங்க. பாப்பா ஜுரத்துல கெடந்தப்ப வேண்டிக்கினேன். இந்த ஆடிக்கு மொட்ட போடணும். எலெக்‌ஷனுக்கு முன்னாலயே வேண்டிக்கினதுங்க. உங்களுக்குத்தான் போட்டேன். என் புள்ள மேல ஆணையா."

பூபாலன் சிரித்தார். "நேத்து வந்தவனுக்கு அப்பன் கனவுல வந்து மொட்ட போடச் சொன்னாராம். அதுக்கு மின்னால ஒருத்தனுக்குத் தலையில பேனாம். உனக்கு வேண்டுதலா? எல்லாரும் எனக்கே போட்டீங்கன்னா, அவனுக்கு யாரு போட்டது? பேயா வந்து போட்டுது?"

"சத்தியமா மாமா."

"சத்தியம் பண்ணித்தான் பாத்தாச்சே." அவர் முகம் சுருங்கியது. "கேளு சுதா. நான் தோத்துட்டேன். கண்டிகை டீக்கடயில என்னப் பாத்து ஒருத்தன், 'வாங்க மாஜி'ன்றான். அத்த நான் எப்பிடி முழுங்கறது? என்னாண்ட இருக்கிறது தண்ணிதான். அதால அடிச்சாதான் அவனுங்களுக்கு வலிக்கும். ஒருத்திக்குன்னு எறங்கினேன்னா, நாளைக்கு நாப்பது பேரு வேண்டுதலத் தூக்கிகினு வந்து நிப்பான். மொட்ட கண்ல பட்டா மடை மூடும். அவ்ளோதான்."

தவிடு கலக்குகிறவன் வாளியோடு குறுக்கே வந்து, அவளை விலகச் சொன்னான்.

ஆடிக் கிருத்திகை அன்று அன்னம்மாளும் கூட வருவதாகச் சொன்னாள். சுதாவின் வயலுக்கு அடுத்த வயல் அவளுடையது. புருஷனை இழந்தவள், ஒற்றை ஆளாக மண்வெட்டி பிடிக்கிறவள். யுவஸ்ரீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சுதாவின் மாட்டில் பால் கறந்ததும் அவள்தான். இருவரும் குழந்தையை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார்கள். காவடிகளும் மேளமுமாகத் திருத்தணி நெரிபட்டது. மலையடியில் முடி இறக்குகிற மண்டபத்தில் வரிசை வெளியே வரை வந்திருந்தது. ஈர முடியும் சந்தனமும் காலில் ஒட்டின.

வரிசையில் அன்னம்மாள் முன்னால் நின்றாள். அவள் முறை வந்ததும் முடி இறக்குபவரிடம் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் கத்திரியை எடுத்து, அவள் பின்னலின் நுனியில் மூன்று விரல் அளவு வெட்டிப் போட்டார். அவ்வளவுதான். பூமுடி. அன்னம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வந்தாள்.

"உங்களுக்கு இன்னா வேண்டுதல்க்கா?" என்று சுதா கேட்டாள்.

அன்னம்மாள் சுற்றிலும் பார்த்துவிட்டு அவள் காதோரம் வந்தாள். "வேண்டுதல் இல்லமே. பரிகாரம். உருளைக்குத்தான் குத்தினேன்."

சக்திவேலின் சின்னம் கை உருளை.

"எங்க ஊட்டுக்காரு செத்து பொணமா கெடந்தாரு. அன்னிக்கு என் முற. இந்தாளு அத்த வேற ஒருத்தனுக்குக் குடுத்துட்டு இன்னா சொன்னான் தெரியுமா? 'பொணத்த வச்சிகினு அவளுக்குப் பாசனம் இன்னாத்துக்கு.' கேழ்வரகு பூரா காஞ்சிது. காரியம் முடிச்சிட்டு வந்து பாத்தா மாட்டுக்குக்கூட ஆவல. அன்னியிலேருந்து நெஞ்சுல வச்சிகினு இருந்தேன். தோத்துட்டான்னு சேதி வந்த அன்னிக்குத்தான் எனக்கு வவுறு ரொம்பிச்சு." அன்னம்மாளின் கண்கள் பளபளத்தன. "சத்தியம் பண்ணோமேன்னு பயமாத்தான் இருந்துச்சு. அதான் மூணு விரல் குடுத்துட்டேன். முருகனுக்கும் சரியாப் போச்சு, அவனுக்கும் தெரியாது. என்னாட்டம் ரொம்பப் பேரு இப்பிடித்தான் குடுத்துட்டுப் போனாங்க. நீயும் பூமுடியே குடுமே. யாரு கேக்கப் போறா?"

சுதாவுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. உண்மையில் மிகவும் பிடித்திருந்தது. நெல் நிற்கும், முடி நிற்கும், வீட்டில் சண்டை நிற்கும். யுவஸ்ரீ பொரி தின்றுகொண்டே அம்மாவின் பின்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊசி குத்திக் கன்றிப்போன இடம் அந்தக் கையில் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அடுத்த ஆள் என்று கூப்பிட்டார்கள்.

"பூமுடியாம்மா?"

"முழுசா எறக்குங்க" என்றாள் சுதா.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, நிறுத்தத்தில் சக்திவேலின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முக்காட்டுக்குள் சந்தனம் பூசிய தலையைக் கண்டதும் ஒருவன் விசில் அடித்தான். "தோ பார்றா! தைரியமா மொட்ட போட்டுகினு வந்து நிக்குது. நம்ம ஓட்டு!" யாரோ ஓடிப்போய்ச் சக்திவேலைக் கூட்டிவந்தார்கள். புதுப் பிரசிடெண்ட் கையில் கிரீஸ் கறையோடு வந்தான். எவனோ நீட்டிய சால்வையை வாங்கி அவள் தோளில் போடப் பார்த்தான்.

"நான் பூட்டு சாவிக்குத்தான் போட்டேன்!" என்று சுதா கத்தினாள். "இது என் புள்ளைக்கு வேண்டிக்கினது. வுடுங்க என்ன!"

எல்லோரும் சிரித்தார்கள். சக்திவேல் கண்ணைச் சிமிட்டினான். "சரிதான்க்கா, அப்பிடியே சொல்லுங்க. எங்களுக்குப் புரியுது."

"புரியுதா? மடைய மூடிட்டா தண்ணி நீ குடுப்பியா?"

"பஞ்சாயத்து போர்வெல்லுக்கு மனு அனுப்பிட்டேன்க்கா. வந்துடும். அவரு சொந்த போர்ல நான் எப்பிடி கை வைக்கிறது?" என்றான் அவன். சால்வையை மடித்துப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டான். அன்னம்மாள் அதற்குள் விலகி, ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

மறுநாளே மடை மூடப்பட்டது. பெருமாள் மூட்டையில் மண் நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். சுதாவின் வயல் முதலில் வெளுத்தது, பிறகு வெடித்தது. குடத்தில் தூக்கி ஊற்றிப் பார்த்தாள். அரை ஏக்கருக்குக் குடம் எந்த மூலைக்கு? ஆனந்தன் பூபாலன் வீட்டுக்குப் போய்க் கெஞ்சிவிட்டு வந்து, அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். கதிரைக் கிள்ளி நசுக்கினால் பால் வரவில்லை. ஓரத்துக் கதிர்கள் வெள்ளையாக நிமிர்ந்து நிற்கத் தொடங்கின. கனமில்லாத கதிர்தான் அப்படி நிமிர்ந்து நிற்கும்.

பக்கத்து வயலில் அன்னம்மாளின் நெல் பச்சையாகத் தலைகுனிந்து நின்றது. கால்வாய்த் தண்ணீர் சுதாவின் மடையை உரசிக்கொண்டுதான் அங்கே போனது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க சுதாவுக்கு வயிறு எரிந்தது. பூட்டு சாவிக்குக் குத்தினவள் காய்கிறாள். உருளைக்குக் குத்தினவள் கொண்டையில் மல்லி வைத்துக்கொண்டு மடை திருப்புகிறாள். பூபாலன் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் மெல்ல மெல்ல அன்னம்மாள் மேல் போய் நின்றது. சக்திவேலின் சிரிப்பு, ஆனந்தனின் மௌனம், எல்லாம் சேர்ந்து அந்தக் கொண்டையின் மேல் போய் உட்கார்ந்தன.

அன்னம்மாளின் அடுத்த முறையன்று, தண்ணீர் கால்வாயில் வந்துகொண்டிருக்கும்போதே சுதா மண்வெட்டியோடு இறங்கினாள். பெருமாள் வைத்த மூட்டையை ஓங்கிக் கொத்திக் கிழித்தாள். கீழ்ப்பக்கம் கால்வாயை மண்ணால் அடைத்தாள். தண்ணீர் திரும்பிப் பாய்ந்து வெடிப்புகளுக்குள் இறங்கியது. காய்ந்த மண் அதை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. முட்டிக்கால் வரை சேறாக அவள் வரப்பில் நின்றாள். மழித்த தலையில் முள்ளாக முளைத்த முடியின் மேல் வேர்வை வழிந்தது.

பெருமாள் கத்திக்கொண்டே ஓடினான். சற்று நேரத்தில் பூபாலனே வந்துவிட்டார். பின்னாலேயே மரத்தடிக் கூட்டம் வந்தது. அன்னம்மாளும் அவர்களோடு வந்தாள்.

"யார் தண்ணியில யார் கைய வைக்கிறது?" என்று பூபாலன் கத்தினார்.

"எனக்கு இல்லன்னா இவளுக்கும் கெடையாது!" என்றாள் சுதா. "உங்களுக்குப் போட்டவ நான். போடாதவ தோ, இவ. உருளைக்குக் குத்தினேன்னு மலையில என்னாண்ட இவளே சொன்னா மாமா. தோத்தீங்கன்னு கேட்டு வவுறு ரொம்பிச்சுன்னா. கேளுங்க!"

அன்னம்மாளின் உதடு வெளுத்தது. சுதாவை ஒரு முறை பார்த்தாள். பார்வையைப் பூபாலன் பக்கம் திருப்பினாள். கையை உயர்த்திக் கொண்டை ஊசியை உருவினாள். முடி சரிந்து முதுகெல்லாம் விரிந்தது.

"நல்லாப் பாத்துக்கங்க மாமா. தப்பு பண்ணவளா இருந்தா இது என் தலையில நிக்குமா?"

"மூணு விரல் குடுத்தா! நுனியில!" என்று சுதா அலறினாள். "கிட்டப் போயி பாருங்க!"

பூபாலன் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. அதில் பின்னலை முந்தானைக்குள் செருகிக்கொண்டிருந்த வேறு சில பெண்களும் இருந்தார்கள்.

"மூணு விரலுக்குத் தீர்ற பாவமா அது? முருகன் இன்னா இளிச்சவாயனா?" என்றார் பூபாலன். பெருமாள் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "உன் தலயப் பாரு. அவ தலயப் பாரு. மாட்டிகினதும் பக்கத்து வயக்காரி மேல பழியா? துரோகம் பண்ணதுமில்லாம கோள் வேறயா?"

சுதா மண்வெட்டியைக் காலடியில் போட்டாள்.

"அன்னம்மா, உன் தண்ணி அது" என்றார் பூபாலன். "பெருமாளு வேணாம். உன் கையாலயே மூடு. நானும் பாக்கறேன்."

அன்னம்மாள் முடியை அள்ளி முடிந்துகொண்டாள். சுதாவின் காலடியில் கிடந்த மண்வெட்டியையே எடுத்தாள். மடையில் இறங்கி, குனிந்தவள் நிமிரவில்லை. கிழிந்த மூட்டையில் மண் போதவில்லை. சுதாவின் வரப்பை வெட்டி அந்த மண்ணைப் போட்டாள். அப்போதும் தண்ணீர் கசிந்தது. பூபாலன் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்னம்மாள் மறுபடியும் அதே வரப்பில் ஆழமாக ஒரு வெட்டு வெட்டி, மடையில் போட்டு, இரண்டு காலாலும் மிதித்து இறுக்கினாள்.